தகுதி விளைந்த ஓராண்டு

"கதவு திறந்தே இருக்கிறது, தகுதி உள்ளவர் வரலாம்!"

உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வாசகம் இது. கேட்பதற்கு இனியது, நீதியின் குரல் போலவே ஒலிப்பது. ஆனால் பகுத்தறிவாளர் ஒரு சொல்லைக் கேட்டதும் தலையாட்டுபவர் அல்லர். அதனை உரைகல்லில் உரசிப் பார்ப்பவர். எனவே நாம் கேட்கிறோம்: தகுதி என்பது யாது? அது எங்கே விளைகிறது? கருவிலே உருவாகிக் குழந்தையோடு கூடவே பிறக்கிறதா? அன்றி, நீரும் எருவும் கிடைத்தால் எவர் வயலிலும் விளையக் கூடிய பயிரா?

இந்தக் கேள்விக்கு ஏட்டுத் தத்துவம் விடை தருவதைக் காட்டிலும் வரலாறு தெளிவாக விடை தருகிறது. அந்த வரலாறு ஒரு சிறிய ஏற்பாட்டின் வரலாறு. அயல்நாட்டு மாணவன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் கால் வைக்குமுன், அந்நாட்டு மொழியையும் தன் துறைக்கு வேண்டிய அடிப்படைப் பாடங்களையும் ஓராண்டுக் காலம் கற்கிறான். அதற்குப் பின்பே பட்ட வகுப்பில் அமர்கிறான். அந்த ஓராண்டுக்குத்தான் ஆயத்த ஆண்டு என்று பெயர். 'ஃபவுண்டேஷன்' என்ற ஆங்கிலப் பெயரில் இன்று அது நகரத்துச் சுவர்களில் விளம்பரமாகத் தொங்குகிறது. ஆனால் நாம் பின்தொடரப் போகும் ஆயத்த ஆண்டு விளம்பரத்தில் பிறந்ததன்று. அது பட்டறையிலும் சுரங்கத்திலும் உழைத்த மக்களுக்காகப் பிறந்தது.

திறந்த கதவு, ஏறாத கால்கள்

1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 2. புரட்சி நடந்து ஓராண்டு கூட நிறையாத ரஷ்யாவில் ஓர் ஆணை பிறந்தது. பதினாறு வயது நிறைந்தவர் எவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், எந்நாட்டுக் குடியாயினும், உயர்கல்விக் கூடத்தில் சேரலாம். பள்ளிச் சான்றிதழ் காட்ட வேண்டுவதில்லை. கட்டணமும் கட்ட வேண்டுவதில்லை என்றது அந்த ஆணை. செல்வர் மக்களும் பிரபுக் குடும்பத்தாரும் பெருமளவில் ஆண்டுவந்த கல்விக்கூடங்களின் கதவு ஒரே நாளில் அகலத் திறந்தது.

திறந்த கதவு வழியே தொழிலாளி வந்தான். உழவன் மகன் வந்தான். வந்து அமர்ந்தான். பேராசிரியர் பேசினார், கரும்பலகையில் கணிதக் குறிகள் நிறைந்தன. இவனுக்கோ ஒன்றும் விளங்கவில்லை! பின்னம் கற்பிக்கப்படாதவன் நுண்கணிதத்தை எங்ஙனம் பின்தொடர்வான்? "பார்த்தீர்களா? உழைப்பவனுக்குக் கல்வி ஏறாது என்று சொன்னோமே!" என்று பழைமை விரும்பிகள் மகிழ்ந்திருக்கக் கூடிய நேரம் அது.

அங்கேதான் ஓர் அரிய உண்மை வெளிப்பட்டது. கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. கதவு வரை ஏறிச் செல்லப் படிக்கட்டும் கட்ட வேண்டும் என்பதே அந்த உண்மை. 1919 பிப்ரவரியில் மாஸ்கோவில் முதலாவது 'ரப்ஃபாக்' தோன்றியது. தொழிலாளர் பீடம் என்பது அச்சொல்லின் பொருள். எழுதப் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் தெரிந்த உழைப்பாளியைச் சேர்த்துக்கொண்டு, பகலில் பயின்றால் மூன்றாண்டு, வேலைக்குப் போய்வந்து மாலையில் பயின்றால் நான்காண்டு என்று வகுத்து, அவனைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் கூடம் அது. கல்வித் துறையின் துணை ஆணையராய் இருந்த வரலாற்றாசிரியர் பொக்ரோவ்ஸ்கி இதற்குப் பெருந்துணை நின்றார். 1930களின் தொடக்கத்தில் இத்தகைய பீடங்கள் ஆயிரத்தைத் தாண்டின. அவற்றில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயின்றனர். நாடெங்கும் பள்ளிக் கல்வி பரவிய பின், வேலை முடிந்த சாரத்தைப் பிரிப்பது போல 1940 வாக்கில் அவை மூடப்பட்டன.

இந்தப் படிக்கட்டில் ஏறியவர்களுள் ஒருவரை மட்டும் இங்கே குறிப்போம். யுசோவ்கா என்ற சுரங்க நகரிலே, உலோகத் தொழிலாளியாய் வேலை செய்து, 1922ஆம் ஆண்டில், இருபத்தெட்டு வயதில், அவ்வூர்த் தொழிற்கல்லூரியைச் சேர்ந்த தொழிலாளர் பீடத்தில் மாணவராய்ச் சேர்ந்தார் ஒருவர். அவர் பெயர் நிகிதா குருஷ்சேவ். அவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

குறையையும் மறைக்க மாட்டோம். உழைப்பவனுக்குக் கதவு திறந்த அதே ஆட்சி, வணிகன் மகனுக்கும் பாதிரியார் மகனுக்கும் அதே கதவைப் பல ஆண்டுகள் அடைத்தது. பிறப்பைக் காட்டித் தடுப்பது எவர் செய்தாலும் அநீதியே. பாடத்தைக் கற்போம், பழியையும் அறிவோம்.

எல்லை கடந்த படிக்கட்டு

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. பிளவுண்ட ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், 1949ஆம் ஆண்டில், ரஷ்ய முன்மாதிரியைத் தழுவித் தொழிலாளர் உழவர் பீடங்கள் எழுந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போன இளைஞர்கள் மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுத்தனர். அப்படிப் பயின்ற எழுத்தாளர் ஹெர்மன் கான்ட், அந்தப் பீடத்து வாழ்வையே பொருளாக்கி 1965ஆம் ஆண்டில் ஒரு நாவல் எழுதினார் என்பதிலிருந்தே அந்த அனுபவத்தின் ஆழம் விளங்கும்.

1951ஆம் ஆண்டு. லைப்சிக் நகருக்கு நைஜீரியாவிலிருந்து 11 மாணவர்கள் வந்திறங்கினர். அன்று நைஜீரியா பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த நாடு. அத்தனை பெரிய நாட்டுக்கு, 1948ஆம் ஆண்டில் இபாதான் நகரில், லண்டன் பல்கலைக்கழகத்தின் தொடர்போடு தொடங்கிய ஒரே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரிதான்! உள்ளூரில் இடமில்லை, ஆண்டவன் நாட்டுக்குப் போகப் பணமில்லை. வந்த இந்தப் பதினொருவருக்கு ஜெர்மன் மொழி அறவே தெரியாது.

என்ன செய்வது? "மொழி தெரியாதவனுக்குத் தகுதி ஏது? திரும்பிப் போ!" என்பது ஒரு வழி. உழைப்பாளியின் மகனுக்குக் கட்டிய படிக்கட்டையே கடல் கடந்து வந்தவனுக்கும் நீட்டிப்பது இன்னொரு வழி. லைப்சிக் இரண்டாவது வழியைத் தேர்ந்தது. 1956ஆம் ஆண்டில் அயல்நாட்டார் கல்விக்கெனப் பல்கலைக்கழகத்திலேயே தனி நிறுவனம் அமைந்தது. 1961ஆம் ஆண்டு முதல் ஹெர்டர் நிறுவனம் என்று பெயர் பெற்றது. ஒவ்வோர் இனத்தின் மொழிக்கும் பாட்டுக்கும் தனி மதிப்பு உண்டென்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வாதாடிய அறிஞரின் பெயர் அது. பெயர் பொருத்தமே!

லுமும்பாவின் பெயரில்

1960ஆம் ஆண்டை 'ஆப்பிரிக்க ஆண்டு' என்பர். அவ்வாண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் பதினேழு நாடுகள் விடுதலை பெற்றன. கொடி ஏறியது; பண் முழங்கியது. அடுத்த நாள் காலையில் மருத்துவமனையை நடத்துவது யார்? பாலம் கட்டுவது யார்? ஜூன் 30 அன்று விடுதலை பெற்ற காங்கோவில், பட்டம் பெற்ற ஆப்பிரிக்கர் முப்பது பேர் கூட இல்லை. நெடுங்காலமாகப் பெல்ஜியம் ரப்பரையும் செம்பையும் எடுத்துச் சென்றது. பல்கலைக்கழகம் ஒன்றைத் திறக்க அதற்கு 1954 வரை நேரம் கிடைக்கவில்லை! இதைச் செய்துவிட்டு, "காங்கோ மக்களுக்கு ஆளத் தகுதியில்லை" என்று பேசினர். வாய்க்காலை அடைத்துவிட்டு வயலைப் பழிக்கும் வாதம் இது. கற்க விரும்பியவனின் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டுவிட்டு, "உனக்கு வில்வித்தை வராது" என்று சொல்லும் ஆசானை நாம் அறிவோம். அந்த ஆசான் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியவன் அல்லன்!

அந்த 1960ஆம் ஆண்டின் பிப்ரவரி 5 அன்று மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க இளைஞர்களுக்கான பல்கலைக்கழகம் அது. அதே மாதத்தில் இந்தோனேசியாவுக்குச் சென்றிருந்தபோது அதை உலகுக்கு அறிவித்தவர் யார்? யுசோவ்காத் தொழிலாளர் பீடத்தின் பழைய மாணவர் குருஷ்சேவ்! படிக்கட்டில் ஏறியவர் கையாலேயே இன்னொரு படிக்கட்டு எழுந்தது.

வகுப்புகள் அக்டோபர் முதல் நாள் தொடங்கின. நைஜீரியா விடுதலை பெற்றதும் அதே நாள்தான். ஆனால் அந்த ஆண்டு பொறியியல் வகுப்பும் நடக்கவில்லை. மருத்துவ வகுப்பும் நடக்கவில்லை. நடந்தது ஆயத்தப் பீடம் ஒன்றே. 59 நாடுகளிலிருந்து வந்த 539 மாணவர்களும் சோவியத் மாணவர் 57 பேரும் முதல் அணியாய் அமைந்தனர். பயணச் செலவு, தங்குமிடம், மருத்துவம், உதவித்தொகை யாவும் அரசின் பொறுப்பு. உள்நாட்டு மாணவன் பெற்றதைக் காட்டிலும் அயல்நாட்டான் பெற்ற உதவித்தொகை கூடுதலாக இருந்தது.

அந்த ஓராண்டு எப்படி நடந்தது? சிறு சிறு குழுக்களாக மாணவர் அமர்ந்தனர். ஒரு குழுவில் பல நாட்டார் இருந்தால் ஆசிரியை எந்த மொழியில் விளக்குவது? ஆகவே முதல் நாளிலிருந்தே ரஷ்ய மொழிதான். பொருளைக் காட்டிப் பெயர், படத்தைக் காட்டி வாக்கியம், சைகையால் வினை. சில மாதங்கள் கழிந்ததும், கணிதமும் இயற்பியலும் வேதியியலும் அதே ரஷ்ய மொழியில் எளிமையாய்த் தொடங்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு மாணவனுக்கு நியூட்டனின் விதி தெரியும். அதைச் சொல்ல ரஷ்ய மொழி தெரியாது. மற்றொருவனுக்கு மொழி விரைவில் வந்துவிடும், விதிதான் புதிது. முன்னவன் மொழியில் பின்தங்கியவன், பின்னவன் பாடத்தில் பின்தங்கியவன். இருவருமே அறிவில் பின்தங்கியவர் அல்லர்! எது குறை என்று பிரித்தறிந்து, அதை மட்டும் நிரப்புவதே ஆயத்த ஆண்டின் உயிர்நாடி. பள்ளிப் படிப்பே நிறைவுறாமல் வந்தவருக்குக் காலம் நீட்டித்துத் தரவும் வழி இருந்தது.

1961 ஜனவரி 17 அன்று காங்கோவின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா படுகொலை செய்யப்பட்டார். பிப்ரவரி 22 அன்று அப்பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அஞ்சலக எழுத்தராய் வேலை செய்த அந்த வீரர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர். பயில அவர் நாட்டில் அப்போது பல்கலைக்கழகமே இல்லை. கல்வி மறுக்கப்பட்டவன் பெயரே கல்விக்கூடத்தின் பெயராயிற்று!

1965ஆம் ஆண்டில் முதல் பட்டமளிப்பு. 47 நாடுகளைச் சேர்ந்த 228 பேர் பட்டம் பெற்று வெளிவந்தனர். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்கள்! தகுதி கருவிலே வருவதென்றால் இந்த 228 பேரை எந்தக் கணக்கில் வைப்பது?

பனியும் பகையும்

அனைத்தும் அன்பினால் மட்டும் நடந்தது என்று சொல்லும் அளவுக்கு நாம் பேதையரல்லர். மாஸ்கோவும் வாஷிங்டனும் விடுதலை பெற்ற நாடுகளின் உள்ளத்தைப் பிடிக்கப் போட்டியிட்ட காலம் அது. பாடத்தோடு கொள்கைப் பரப்பலும் கலந்தே வந்தது. தெருவிலோ நிறவெறி முற்றாக ஒழிந்திருக்கவில்லை. 1963 டிசம்பரில் கானா நாட்டு மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துகிடந்ததைக் கண்டு கொதித்தெழுந்த ஆப்பிரிக்க மாணவர்கள் செஞ்சதுக்கத்திலே ஊர்வலமாய்ச் சென்றனர். மாஸ்கோவை அலபாமாவோடு ஒப்பிட்ட பதாகையும் அவர்கள் கையில் இருந்தது. உதவித்தொகை தந்துவிட்டால் மதிப்பும் தந்துவிட்டதாகாது என்பதை அந்த ஊர்வலம் உலகுக்கு உணர்த்தியது. படிக்கட்டு கட்டுவதோடு கடமை முடிவதில்லை. ஏறி வந்தவனைச் சமமாய் அமர வைப்பதும் கடமையே.

ஆயினும், கட்டியவனின் உள்நோக்கம் எதுவாயினும், ஏறியவனின் உயர்வு பொய்யாகிவிடுமா? ஆகாது! மருந்து கொடுத்தவனின் எண்ணம் எதுவாயினும், பிழைத்தவன் பிழைத்தவனே.

படிக்கட்டுக்கு வாடகை

இனி மேற்கே திரும்புவோம். பிரிட்டனில் 1967ஆம் ஆண்டிலேயே அயல்நாட்டு மாணவருக்கென உயர்ந்த கட்டணம் வந்தது. 1980ஆம் ஆண்டு முதல், தாட்சர் அம்மையாரின் ஆட்சியில், புதிதாய் வரும் அயல்நாட்டார் கல்விச் செலவு முழுவதையும் தாமே கட்ட வேண்டும் என்றாயிற்று. அன்று முதல் அயல்நாட்டு மாணவன் விருந்தினன் என்ற நிலையிலிருந்து வருவாய் என்ற நிலைக்கு மாறினான். வருவாய் என்றானபின், அவனை ஆயத்தப்படுத்துவதும் வணிகமாகாமல் இருக்குமா? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், எடித் கவன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1994ஆம் ஆண்டில் ஒரு தனியார் ஆயத்தக் கல்லூரி தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த நிறுவனம், பின்னாளில் நவிடாஸ் என்ற பெயர் பெற்றது, 2004ஆம் ஆண்டில் பங்குச் சந்தையிலே ஏறியது. தொழிலாளிக்காகக் கட்டிய படிக்கட்டின் சாயலில் எழுந்த ஒன்று, பங்குக்கு இத்தனை ஈவு என்று கணக்கிடப்படும் பொருளாயிற்று!

அங்கேயும் நல்லாசிரியர்கள் இருக்கின்றனர். கற்றுத் தேர்ந்தோரும் பலர் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். காசு கட்டினால் குறை நிரம்பும். கட்டாவிட்டால் அது "தகுதியின்மை" என்று பெயர் பெறும். செல்வன் மகனின் குறைக்கு ஓராண்டு அவகாசம். ஏழை மகனின் குறைக்கு ஆயுள் தண்டனை! தகுதி விளைவிக்கக் கூடிய பயிர் என்பதை வணிகன் நன்றாகவே அறிந்திருக்கிறான். அதனால்தான் அதை விற்கிறான். அறியாதது போல் நடிப்பவர், தகுதி என்ற சொல்லைச் சுவராக எழுப்பி வைத்திருப்பவர்களே.

மாஸ்கோவிலும் காற்று மாறியது. 1991ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் மறைந்தது. 1992 பிப்ரவரியில் லுமும்பாவின் பெயர் நீக்கப்பட்டது. 2023 மார்ச்சில் மீண்டும் சூட்டப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கட்டணம் கட்டிப் படிக்கும் முறை அங்கும் புகுந்துவிட்டது. பெயர் திரும்பியது, பழைய இலவசம் அந்த அளவில் திரும்பவில்லை.

ஜெர்மனியிலோ இன்றும் ஒரு நடுவழி உண்டு. 'ஸ்டூடியன்கொல்லெக்' எனப்படும் ஆயத்தக் கல்லூரிகள் அங்கே நடைபெறுகின்றன. லைப்சிக்கில், ஹெர்டர் நிறுவனம் செய்த பணியை இன்று அத்தகைய கல்லூரியே தொடர்கிறது. நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் அங்கே பட்டப்படிப்பில் பொதுவாக நேரே சேர முடியாது. இங்கே ஓராண்டு கல்லூரியில் தேறியிருக்க வேண்டும், அல்லது அந்த ஆயத்தக் கல்லூரியில் இரண்டு அரையாண்டுகள் பயின்று தேர்வில் வெல்ல வேண்டும். பொறியியலுக்கு ஒரு பிரிவு, மருத்துவத்துக்கு ஒன்று, பொருளியலுக்கு ஒன்று, கலைத்துறைகளுக்கு ஒன்று எனப் பாடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அரசு நடத்தும் ஆயத்தக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. மகிழ்ச்சிதான்! எனினும், 2024 செப்டம்பரில் வகுத்த விதிப்படி, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோ கையிருப்பைக் காட்டினால்தான் மாணவனுக்கு நுழைவுரிமை எளிதில் கிட்டும். நுழைவதற்கே ஓரளவு ஜெர்மன் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். படிக்கட்டு இலவசம், படிக்கட்டு வரை போகும் பாதைக்குத்தான் விலை!

வரலாறு தரும் தீர்ப்பு

1918இல் கதவு மட்டும் திறந்தது, வந்தவன் தடுமாறினான். 1919இல் படிக்கட்டு கட்டப்பட்டது, அவன் ஏறினான். 1951இல் லைப்சிக்கிலும் 1960இல் மாஸ்கோவிலும் அது கடல் கடந்தவனுக்கும் நீண்டது, அவனும் ஏறினான். மாறியது மாணவனின் மூளையா? அன்று. மாறியது அவனுக்குக் கிடைத்த ஓராண்டு, பொறுமையுள்ள ஆசிரியர், வயிற்றுக்கு உணவு, தங்க ஓர் அறை. இவ்வளவே! இந்த நான்கையும் தலைமுறை தலைமுறையாகப் பெற்றவன், தான் பெற்றதை மறந்துவிட்டு, 'இது என் பிறவிக் குணம்' என்கிறான். பெறாதவனும் அதை நம்பி, 'இது என் தலையெழுத்து' என்கிறான். முன்னவன் சொல்வது ஆணவம். பின்னவன் சொல்வது மூடநம்பிக்கை. இரண்டையும் ஒருங்கே பொய்யாக்குகிறது ஆயத்த ஆண்டின் வரலாறு.

இளைஞர்களே! அயல்நாட்டுக் கல்வியை நாடும் தோழனுக்கு வழி சொல்லும்போது விளம்பரத் தாளை மட்டும் காட்டாதீர்கள். எந்த நாட்டில் அந்த ஓராண்டை அரசு தருகிறது, எங்கே அது விற்கப்படுகிறது என்பதை ஆராய்ந்து காட்டுங்கள். உங்கள் ஊரில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளை, ஆங்கிலப் பாடம் விளங்காமல் முதல் மாதத்திலேயே மனமுடைந்து திரும்புகிறாளா? லைப்சிக்கில் பதினொருவருக்குச் செய்ததை அவள் ஒருத்திக்குச் செய்யுங்கள். அவள் எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று கண்டு, அந்த இடத்தில் மாலைதோறும் உடன் அமருங்கள்.

தகுதி எங்கே என்று கேட்டு வாயிலில் நிற்பவரை நோக்கி நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "அதை விளைவிக்க நீங்கள் எத்தனை ஆண்டு கொடுத்தீர்கள்?"